கட்-ஆஃப் இல்லாத ஊரில் ஒரு சி மைனஸ்

அமெரிக்காவில் ஆப்டோமெட்ரி படிக்க, மார்க் குறைந்தாலும் இடம் கிடைக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அதற்கு அப்புறம் இருக்கிறது.

நியூஜெர்சி மாநிலம் எடிசனில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. மாவடு ஜாடிக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் நடுவே ஒரு தாள், பலமுறை மடித்துப் பிரித்ததில் மடிப்போரம் எழுத்து தேய்ந்து போன தாள். அக்கா மகளின் கல்லூரி மதிப்பெண் பட்டியல். இரண்டாம் ஆண்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, அதற்கு நேரே 'சி மைனஸ்'. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

"டேய், நீதான் பத்திரிகைக்காரன் ஆச்சே. ஆப்டோமெட்ரிக்கு கட்-ஆஃப் எவ்வளவுன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுச் சொல்லு" என்றாள் அக்கா.

"மாமா, இங்க கட்-ஆஃப்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சொன்னா அம்மா நம்ப மாட்டேங்கறாங்க."

அக்கா நம்பாததில் நியாயம் இருக்கிறது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதியவள் அவள். பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டி, புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம் வரை பார்த்து வரிசைப்படுத்திய காலம். அவளுக்கு அரை மார்க்கில் மெடிக்கல் போனது. வீட்டில் யாராவது மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தால் போதும், அந்த அரை மார்க் இன்றைக்கும் பேச்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்மிஷன் என்றால் ஒரு கோடு. நீ கோட்டுக்கு மேலா, கீழா? அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு.

ஊருக்குத் திரும்ப ஒரு மாதம் இருந்தது. விசாரித்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் 'கண் டாக்டர்' என்றால் எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவம் படித்தவர்; கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர் வேறு. அமெரிக்காவில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு முழு டாக்டர் பட்டம் இருக்கிறது. நாலு வருடக் கல்லூரிப் படிப்புக்கு மேல் இன்னும் நாலு வருடம் படித்து வாங்குகிற 'டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி', சுருக்கமாக ஓ.டி. கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் மட்டும் இவர்கள் வேலை இல்லை. கண்ணுக்கு மருந்து எழுதுகிறார்கள். சர்க்கரை நோய் விழித்திரையைத் தொட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார்கள். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்கு இவர்களே வைத்தியம் பார்க்கலாம் என்று கடைசியாக ஒப்புக்கொண்ட மாநிலம் மாசசூசெட்ஸ், 2021-ல். சில மாநிலங்களில் லேசர் சிகிச்சைக்குக்கூட அனுமதி உண்டு. அதைத் தொடங்கிவைத்தது ஓக்லஹோமா. ஆண்டு வருமானம் நடுத்தரமாகப் பார்த்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்கு மேல். இரவு ட்யூட்டி அபூர்வம். எடிசன் மாதிரி ஊர்களில் இந்திய வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படிப்புப் பக்கம் சாய்வதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது அக்காவின் கேள்வி.

அமெரிக்கக் கல்லூரியின் ஜிபிஏ நாலு புள்ளிக் கணக்கு. ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2. ஆப்டோமெட்ரிக் கல்லூரிகளில் இடம் பிடித்தவர்களின் சராசரி, கல்லூரிக்குக் கல்லூரி முன்பின்னாக, மூன்றரையை ஒட்டி நிற்கிறது. என் மருமகளுடையது 3.05.

அந்த 3.05 எப்படி வந்தது என்பதுதான் சங்கதி. முதல் இரண்டு வருடம், 60 கிரெடிட், சராசரி 2.6. அடுத்த இரண்டு வருடம், இன்னொரு 60 கிரெடிட், சராசரி 3.5. கூட்டி வகுத்தால் 3.05. நாலு வருடமும் ஒரே சீராக 3.05 வாங்கிய இன்னொரு பெண்ணும் இருக்கலாம். கோடு போட்டு வரிசைப்படுத்தும் ஊரில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். இங்கே பட்டியலை ஒரு ஆள் உட்கார்ந்து படிக்கிறார். தடுமாறி எழுந்தவளையும் எப்போதுமே சுமாராக ஓடியவளையும் அவர் ஒன்றாக எடைபோடுவதில்லை.

இதைக் கேட்டவுடன் அக்கா முகம் மலர்ந்தது. கொஞ்சம் பொறு என்றேன். ஏனென்றால் கணக்கு இரக்கம் இல்லாதது. இந்தப் பெண் இன்னும் ஒரு வருடம் கூடுதலாகப் படித்து, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி என்று 24 கிரெடிட்டில் 3.8 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 120 கிரெடிட் மூட்டை கீழே இழுக்கும். 3.05 என்பது 3.175 ஆகும், அவ்வளவே. ஒரு வருட உழைப்புக்கு எட்டில் ஒரு புள்ளி. அந்த எட்டில் ஒரு புள்ளிக்காகப் படித்தால் மனசு உடைந்துவிடும். 'கடைசியாக எடுத்த அறிவியல் பாடங்களில் இவள் எப்படி?' என்று அந்த ஆள் கேட்கும்போது காட்ட ஒரு பக்கம் வேண்டும். அதற்காகத்தான் அந்த வருடம்.

இன்னொரு இடி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை அவள் மறுபடி எடுத்து ஏ மைனஸ் வாங்கியிருந்தாள். அவள் கல்லூரி, பழைய மார்க்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. பெருந்தன்மை. ஆனால் ஆப்டோமெட்ரிக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விண்ணப்ப வாசல் ஒன்று உண்டு, பெயர் ஆப்டம்காஸ். அது தன் கணக்கைத் தானே போடுகிறது. முதல் தடவை எழுதியதும் கணக்கு, இரண்டாம் தடவை எழுதியதும் கணக்கு. 1.7-ம் 3.7-ம் சேர்ந்தால் சராசரி 2.7. கல்லூரி மன்னித்தது, ஆப்டம்காஸ் மறக்கவில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கு இவ்வளவு' என்று நினைத்திருந்த பிள்ளைகள் இங்கேதான் திடுக்கிடுகிறார்கள்.

ஜிபிஏ நகராது. நகரக்கூடிய எண் ஒன்று இருக்கிறது என்றால் அது ஓஏடி என்கிற நுழைவுத் தேர்வுதான். உயிரியல், வேதியியல் ஒரு பகுதி, படித்துப் புரிந்துகொள்ளுதல் ஒன்று, இயற்பியல் ஒன்று, கணக்கு ஒன்று. மதிப்பெண் 200-லிருந்து 400 வரை, 300 நடு. பல் மருத்துவத்துக்கான தேர்வில் இயற்பியல் கிடையாது. இதில் தனிப் பகுதியாகவே உண்டு, 40 கேள்வி. காரணம் வெளிப்படை: லென்ஸ் வழியாக ஒளி எப்படி வளைகிறது என்பதுதானே இந்தத் தொழிலின் அடிவேர். பயாலஜி படித்த பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான். பல கல்லூரிகள் இப்போது ஜிஆர்இ போன்ற வேறு தேர்வுகளையும் ஏற்கின்றன. ஆனாலும் மார்க் குறைந்த மாணவர் ஓஏடியை விடக் கூடாது என்பது என் கட்சி. நாலு வருடத்து 3.05-ஐ மூன்று மாதத்தில் மாற்ற முடியாது. ஓஏடியில் மூன்று மாதத்தில் 290-ஐ 330 ஆக்க முடியும். மருமகள் ஆக்கினாள். தேர்வு முடிந்ததும் அதே கம்ப்யூட்டர் திரையில் மார்க் வந்துவிடும். முதல் தடவை 290-ஐப் பார்த்துவிட்டுக் கார் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். அம்மாவிடம் சொன்னது, டிராஃபிக்.

இலைகளும் ஒரு பாட்டியும்

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்கிறார்கள். ஏன் இந்தத் தொழில், எப்படித் தயாரானாய் என்று. எழுத்துக்கள், இடைவெளி எல்லாம் சேர்த்து 4,500-க்குள் அடங்க வேண்டும். தட்டச்சில் ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். மருமகளின் முதல் வரைவை வாசித்தேன். ஏழு வயதில் முதல் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தபோது மரத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன என்று தொடங்கியது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாடி போட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே இலைகள்தான் தெரிந்திருக்கின்றன. அமெரிக்க ஆப்டோமெட்ரிக் கல்லூரிகளின் கோப்புகளுக்குள் ஒரு காடே வளர்ந்து நிற்கும் போல.

அதைவிட மோசமான கட்டுரை ஒன்று உண்டு. வரிக்கு வரி 'டாக்டர் ஆக ஆசைப்பட்டேன், ஆக முடியவில்லை' என்பது எழுதாமலே தெரிகிற கட்டுரை. இந்திய வீடுகளில் இது சகஜம். முதலில் மெடிக்கல் கனவு, கெமிஸ்ட்ரியில் அடி, அப்புறம் 'கண்ணு பக்கமாவது போ'. கல்லூரிக்காரர்களுக்கு இந்த வாசனை நன்றாகத் தெரியும். சி மைனஸை மன்னித்துவிடுவார்கள், இரண்டாந்தாரமாக வந்து நிற்பதை மன்னிப்பது கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்டின் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்த அனுபவத்தையும், பெரும்பாலான இடங்களில் அவரிடமிருந்தே ஒரு பரிந்துரைக் கடிதத்தையும் எதிர்பார்க்கிறார்கள்.

மருமகள் பக்கத்து மால் வரிசையில் இருக்கும் ஒரு கண் கிளினிக்கில் உதவியாளர். ஒருநாள் நானும் கண் காட்டப் போனேன். வரவேற்பில் என்னை மாமா என்று காட்டிக்கொள்ளவில்லை. வேலை நேரம் அல்லவா. டாக்டரிடம் அனுப்புவதற்கு முன் செய்யும் பூர்வாங்கச் சோதனை எல்லாம் அவள் கையில். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணில் 'புஸ்' என்று காற்றடித்து அழுத்தம் பார்க்கும் கருவி. எனக்கு முன்னால் ஒரு குஜராத்தி பாட்டி. காற்று வரும்போதெல்லாம் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நாலாவது தடவை மருமகள் கருவியை அணைத்துவிட்டு, பாட்டியின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்து அதன் மேல் வாயால் ஊதிக் காட்டினாள். இவ்வளவுதான், இதேதான். பாட்டி சிரித்தார். அடுத்த தடவை அசையவில்லை.

உள்ளே டாக்டர், பட்டாம்பூச்சி முகமூடி மாதிரியான ஃபோராப்டரைப் பாட்டியின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து லென்ஸ்களைத் திருப்பினார். 'ஒன்றா, இரண்டா, எது தெளிவு?' பாட்டி பதிலே சொல்லவில்லை. கூட வந்த பேத்தியிடம் ரகசியமாக ஏதோ கேட்டார். பேத்தி மொழிபெயர்த்தாள்: "எது கரெக்ட்னு கேக்கறாங்க." தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம். உலகத்தில் எந்தப் பதிலும் தப்பில்லாத ஒரே பரீட்சை அதுதான். அதிலும் மார்க் போய்விடும் என்று பயப்படுகிறோம் நாம்.

அன்று ராத்திரி மருமகள் இலைகளை வெட்டி எறிந்தாள். கட்டுரை இப்போது பாட்டியின் கையில் ஊதுவதில் தொடங்குகிறது.

மார்க் குறைவைப் பற்றிக் கட்டுரையில் எவ்வளவு சொல்லலாம்? இரண்டு வரி. என்ன நடந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டேன். பேராசிரியர் சரியில்லை, கேள்வித்தாள் கஷ்டம், தங்கியிருந்த அறையில் சத்தம் என்று ஆரம்பித்தால் வாசிக்கிறவர் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். இவள் விஷயத்தில் நடந்தது சாதாரணமானது. வாரத்துக்கு 25 மணி நேரம் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஐந்து பாடம் எடுத்தாள். மூன்றாம் ஆண்டில் வேலை நேரத்தைக் குறைத்தாள். அதைத்தான் எழுதியிருக்கிறாள்.

எப்போது விண்ணப்பிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம். கோடையில் வாசல் திறக்கும். எல்லா விண்ணப்பமும் வந்து சேரட்டும் என்று கல்லூரிகள் காத்திருப்பதில்லை; வரவர நேர்முகத்துக்கு அழைத்து, இடங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. மார்ச்சில் வரும் 3.05-ஐவிட ஜூலையில் வரும் 3.05-க்கு மதிப்பு அதிகம். முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு எல்லாப் பதார்த்தமும் விழும், கதை அதேதான்.

சீட்டும் தேர்ச்சியும்

சரி, கிடைக்குமா? கிடைக்கும் என்றே தோன்றியது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள்; பாதிக்கும் குறைவானவர்களுக்கே இடம். ஆப்டோமெட்ரியில் நிலைமை தலைகீழ். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கல்லூரியில் நுழைந்துவிடுகிறார்கள். 2009-ல் மட்டும் கலிஃபோர்னியா, அரிசோனா, டெக்சாஸ் என்று மூன்று இடங்களில் புதிய ஆப்டோமெட்ரிக் கல்லூரிகள் திறந்தன. பிறகு வூஸ்டர், கென்டக்கியின் பைக்வில், சிகாகோ பக்கம் இன்னொன்று. இன்று இருபதுக்கும் மேல். இடங்கள் பெருகிய வேகத்தில் விண்ணப்பங்கள் பெருகவில்லை.

இந்தக் கதையை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோம். பொறியியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு முளைத்தபோது சீட் கிடைப்பது ஒரு பிரச்சினையாக இல்லாமல் போனது. பிரச்சினை அரியரில் வந்தது.

ஆப்டோமெட்ரியில் அந்த அரியரின் பெயர் போர்டு எக்ஸாம். மூன்று பாகம். மூன்றாவது, கைத்திறனைச் சோதிக்கும் பாகம். அதற்கு நாட்டின் எந்த மூலையில் படித்தவரும் வட கரோலினாவின் சார்லட் நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் பிள்ளைகளை உருட்டுவது முதல் பாகம். மூன்றாம் ஆண்டில் எழுதுகிற, உடலியல், ஒளியியல், மருந்தியல் எல்லாம் கலந்த அடிப்படை அறிவியல் தேர்வு. 100 முதல் 900 வரை மதிப்பெண், 300 வாங்கினால் பாஸ். கேட்கச் சுலபம். நாடு முழுக்க முதல் தடவையிலேயே நாலில் ஒருவர் அளவுக்குத் தோற்ற ஆண்டுகளும் உண்டு. இந்தத் தேர்வுகளைத் தாண்டாமல் தொழில் செய்ய உரிமம் கிடைக்காது.

விசாரித்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த தகவல் இதுதான். தங்கள் மாணவர்கள் போர்டு எக்ஸாமில் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் பொதுவில் வெளியிட வேண்டும். ஒளித்து வைக்க முடியாது. கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கல்லூரியில் பத்தில் ஒன்பது பேர் முதல் தடவையிலேயே தேறுகிறார்கள். இன்னொன்றில் ஆறேழு பேர். குறைந்த மார்க்கைத் தாராளமாக ஏற்கிற கல்லூரிகள் பெரும்பாலும் எந்தப் பக்கம் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக அங்கே பாடம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தேர்வில் தடுமாறும் பிள்ளைகளை அதிகம் சேர்த்துக்கொள்கிற இடத்தில் தேர்வில் தடுமாறுகிறவர்களும் அதிகம் இருப்பார்கள்.

ஆனால் கட்டணத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல். சாப்பாடு, வாடகை தனி. நாலு வருடம் முடிந்து வெளியே வரும்போது சுமார் இரண்டு லட்சம் டாலர் கடன் என்பது இந்தத் தொழிலில் யாரும் வியந்து சொல்கிற தொகை இல்லை. முன்பு மொத்தச் செலவையும் மத்திய அரசின் கடனிலேயே சமாளித்துவிட வழி இருந்தது. 2025-ல் வந்த சட்டம் அதை 2026 ஜூலையிலிருந்து மாற்றுகிறது: இம்மாதிரித் தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் வரைதான். மீதிக்குக் கையைப் பிசைய வேண்டும், அல்லது தனியார் வங்கிக்குப் போக வேண்டும். நிறைய மார்க் வாங்கியவளுக்குக் கல்லூரியே உதவித்தொகை தந்து இழுக்கும். குறைந்த மார்க்காரி முழுக் கட்டணம் கட்டுவாள். முதல் பாகத்தில் தோற்று ஒரு வருடம் பின்தங்கினாலும் வட்டி பின்தங்காது.

வடக்கே, கனடாத் தமிழர் வீடுகளில் இதே கதைக்கு இன்னொரு முகம். அந்த நாட்டில் ஆப்டோமெட்ரிக் கல்லூரி இரண்டே இரண்டு. மொன்றியலில் பிரெஞ்சு மொழியில் ஒன்று. ஆங்கிலத்தில் வாட்டர்லூ மட்டும், அதில் ஆண்டுக்கு 90 இடம் அளவில். 'பெறுபேறு எப்படி வந்தது?' என்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கேட்கிற ஈழத்துப் பெற்றோருக்குக் கட்-ஆஃப் பதற்றம் இங்கேதான் திரும்ப வருகிறது. வாட்டர்லூவில் இடம் கிடைக்காத பிள்ளை எல்லை தாண்டி அமெரிக்கக் கல்லூரிக்கு வருகிறது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருந்தால், படித்துவிட்டு கனடாவின் தேர்வை எழுதி ஊருக்கே திரும்பலாம். அமெரிக்க அரசின் கடன் அவர்களுக்குக் கிடையாது. கனடா டாலரில் சம்பாதிக்கிற குடும்பம் அமெரிக்க டாலரில் கட்ட வேண்டும். அங்கே குறைந்த மார்க்குக்கு விலை இன்னும் கூடுதல்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். போர்டு எக்ஸாம் சதவீதங்களை மருமகள் கல்லூரிவாரியாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள், ஒன்பது பெயர்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள்.

ஜூலை முதல் வாரம் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். ஆப்டம்காஸ் வாசல் திறந்திருந்தது. படித்த பாடம் ஒவ்வொன்றையும், பெயர், கிரெடிட், மார்க் என்று விண்ணப்பிப்பவரே தட்டச்சு செய்ய வேண்டும், தோற்றதையும் சேர்த்து. தட்டச்சில் மருமகள் இரண்டாம் ஆண்டுப் பாடங்களுக்கு வந்திருந்தாள். "சி மைனஸ் போட்டாச்சு மாமா" என்றாள், பல் பிடுங்கி முடித்த குரலில்.

"எத்தனை காலேஜ்?"

"ஆறு."

"ஒன்பது எழுதி வச்சிருந்தியே?"

அவள் போனைத் திருப்பி ஃப்ரிட்ஜைக் காட்டினாள். அந்தத் தாள் காந்தத்தில் தொங்கியது. எழுபது சதவீதத்துக்குக் கீழே, குறுக்காக, பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மூன்று பெயர்.

"அம்மா வேலை" என்றாள்.